ரியோகானில் விலை ஏன் அறைக்கு இல்லை, ஆளுக்கு?

ஜப்பான் பயணத்துக்கு விடுதி தேடுகிறவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள். சாதாரண ஹோட்டலில் விலை அறைக்கு. ரியோகான் என்கிற மரபு விடுதியைத் தேடினால் கணக்கே வேறு. இரண்டு பேர் என்று மாற்றினால் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, ஒரே ஆள் என்று போட்டால் அறையே இல்லை என்கிறது, மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுவீர்களா என்று கேட்கிறது. மீன் சாப்பிட மாட்டோம் என்று முந்தின நாள் எழுதினால், மன்னிக்கவும், இனி மாற்ற முடியாது என்று பதில் வருகிறது.

2024-ல் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் ஜப்பான் போனார்கள். யென் மதிப்பு இறங்கியிருப்பதால் நம் ஆட்களும் நிறையப் போகிறார்கள். "ஒரு ராத்திரி தூங்க இவ்வளவா?" என்ற கேள்வியும் அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும் பங்கு தூங்குவதற்கானது இல்லை. ரியோகானின் மையம் அதன் சமையலறை. விலை, நேரக் கட்டுப்பாடு, ரத்துக் கட்டணம், தனி ஆளுக்குத் தயக்கம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் சில சொற்கள்

1. ரியோகான்: பாய்த் தரை, சுருட்டி வைக்கும் மெத்தை, பொதுக் குளியல் கூடம், விடுதியிலேயே சாப்பாடு என்று அமைந்த ஜப்பானிய மரபு விடுதி. அந்தப் பாய்க்குத் தத்தாமி என்று பெயர், மெத்தைக்கு ஃபூத்தோன்.

2. இப்பாக்கு நிஷோக்கு: "ஒரு இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு" என்று பொருள். இரவு உணவும் மறுநாள் காலை உணவும் கட்டணத்திலேயே அடங்கும். ரியோகானின் இயல்பான விலை இதுதான். ஜப்பானியத் தளங்கள் ஆளுக்கு எவ்வளவு என்று காட்டும், வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஏமாந்துவிடக் கூடாது.

3. சுதோமாரி: சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும்.

4. கைசெகி: பல சுற்றுகளாக வரும் பருவகால இரவு உணவு.

5. நக்காய், ஒக்காமி: அறைக்குப் பொறுப்பான பணிப்பெண் நக்காய். விடுதியை நடத்துகிற அம்மா ஒக்காமி, பெரும்பாலும் உரிமையாளர் குடும்பத்தவர்.

6. ஒன்சென்: வெந்நீர் ஊற்று. 1948-ல் வந்த சட்டப்படி, ஊற்றில் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட 19 பொருட்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். எல்லா ரியோகானிலும் ஒன்சென் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கியோத்தோ நகருக்குள் இருக்கிற பல பழைய ரியோகான்களில் சாதாரண வெந்நீர்தான்.

சாப்பாட்டோடு சேர்ந்த தங்கல் எப்படி வந்தது

யமனாஷி மாகாணத்திலுள்ள கெய்யுன்கான் கி.பி. 705-ல் தொடங்கியதாக அறியப்படுகிறது, உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் பதிவும் அதற்கு உண்டு. ஆனால் இன்று நாம் பார்க்கிற ரியோகான் முறை பெரும்பாலும் எதோ என்ற நகரிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலத்துச் சாலைகளில் உருவானது. 1635-ல் ஷோகுன் அரசு, சிற்றரசர்கள் குறிப்பிட்ட காலம் தலைநகர் எதோவில் வந்து தங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவர்கள் பரிவாரத்தோடு போக வர, எதோவையும் கியோத்தோவையும் இணைத்த தொக்கைதோ சாலையின் 53 தங்கல் ஊர்களும் வளர்ந்தன. அங்கே மூன்று வகை விடுதிகள் இருந்தன. சிற்றரசர்களுக்கு ஹொன்ஜின். பொதுமக்களில் காசு உள்ளவர்களுக்கு ஹாத்தாகோ, இங்கே சாப்பாடு உண்டு. காசு குறைந்தவர்களுக்குக் கிச்சின்யாதோ. "கிச்சின்" என்றால் விறகுக் கூலி. அரிசியை நீங்களே கொண்டு வந்து, விறகுக்கு மட்டும் காசு கொடுத்து, பொங்கிச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியது.

ஹாத்தாகோ என்ற சொல்லே முதலில் குதிரைத் தீவனக் கூடையைக் குறித்ததாம். அப்புறம் வழிப்பயணத்துச் சாப்பாட்டுக் கூடை, அதற்கப்புறம் சாப்பாடு போடும் விடுதி. ஆக, விடுதியின் பெயரே சாப்பாட்டிலிருந்து வந்ததுதான்.

வெந்நீர் ஊர்களின் கதை கொஞ்சம் வேறு. அங்கே போனவர்கள் நோய் தீர ஏழு நாளைக்கு ஒரு சுற்று என்று தங்கி, தாங்களே சமைத்துக்கொண்டார்கள். ஹகோனேயில் ஒரே இரவு குளித்துத் தங்கும் பழக்கம் பரவியபோது, வாடிக்கையாளரை இழந்த பக்கத்துத் தங்கல் ஊர்கள் வழக்குப் போட்டன. 1805-ல் தீர்ப்பு வெந்நீர் ஊர்களுக்குச் சாதகமாக வந்தது. தானே சமைக்கும் பழைய முறை இன்றும் அடியோடு போய்விடவில்லை. இவாத்தே மாகாணத்தின் ஒசாவா, நமாரி போன்ற ஒன்சென்களில் அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜப்பான் வேகமாக வளர்ந்த காலத்தில், கம்பெனி ஊழியர்களைப் பேருந்து பேருந்தாக வெந்நீர் ஊர்களுக்குக் கூட்டிப் போகும் வழக்கம் வந்தது. அத்தாமி, கினுகாவா போன்ற ஊர்களில் பெரிய கான்கிரீட் ரியோகான்கள் எழுந்தன, நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே நேரத்தில் விருந்து போட வேண்டியதாயிற்று. தட்டில் ஒரு குட்டி அடுப்பு, அதில் மெழுகு போன்ற ஒரு கட்டி எரிபொருள், மேலே ஒற்றை ஆளுக்கான சட்டி. இப்போதும் பல ரியோகான்களில் பார்க்கலாம். கட்டி எரிந்து முடியும்போது கறி வெந்திருக்கும். சமையல்காரர் பக்கத்தில் நிற்காமலே சூடாகப் பரிமாற அது வழி செய்தது.

கைசெகி: ஒரே உச்சரிப்பு, இரண்டு சாப்பாடு

கைசெகி என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் ஜப்பானிய மொழியில் உண்டு, எழுதும் விதம் மட்டும் வேறு.

ஒன்று தேநீர்ச் சடங்குக்கு முன் தரும் எளிய சாப்பாடு. பசி தெரியாமலிருக்க ஜென் துறவிகள் சூடான கல்லை மடியில் வைத்துக்கொண்டார்கள் என்ற கதையிலிருந்து "மடியில் கல்" என்ற பொருளில் அதை எழுதுகிறார்கள். தேநீர் மரபை வகுத்த சென் நோ ரிக்கியூவின் (1522–1591) பாணியில் ஒரு சூப், மூன்று பதார்த்தம் என்பது அளவு. சாப்பாட்டின் நோக்கம் அடுத்து வரும் கெட்டித் தேநீர், வெறும் வயிற்றில் அது ஒத்துக்கொள்ளாது. அதனால் சோறு முதலிலேயே வந்துவிடும்.

இன்னொன்று கூடி உட்கார்ந்து சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்துக்கொண்டே உண்ணும் விருந்து. கவிதை இயற்ற ஒன்றுசேர்ந்தவர்களின் விருந்திலிருந்து வளர்ந்தது. இதில் சோறு கடைசியில்தான் வரும். ரியோகானில் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது.

சோற்றோடு தொடங்கிப் பழகிய நமக்கு இது புதிராக இருக்கும். ஏழெட்டுச் சுற்று முடிந்தபின் நக்காய் வந்து, "சாப்பாடு கொண்டு வரட்டுமா?" என்று கேட்பார். இவ்வளவு நேரம் சாப்பிட்டதெல்லாம் என்ன என்று தோன்றும். அவர் கேட்பது சோற்றை. ஜப்பானிய மொழியில் சோற்றுக்கும் சாப்பாட்டுக்கும் "கோஹான்" என்று ஒரே சொல், உணவுப் பட்டியலில்கூடச் சோற்றுச் சுற்றுக்குச் "சாப்பாடு" என்றே போட்டிருக்கும். குடித்து முடித்தாயிற்றா என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம். குடிக்காதவர்கள் முதலிலேயே சோறு வேண்டும் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

சுற்றுகள் என்ன வரிசையில் வரும்

வரிசை விடுதிக்கு விடுதி மாறும், ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய இதுதான்.

1. சாக்கிசுகே: இரண்டே வாயில் முடியும் தொடக்கம்.

2. ஹாஸ்சுன்: எட்டு சுன், அதாவது சுமார் 24 சென்டிமீட்டர் சதுரத் தேவதாரு மரத் தட்டில் பிறந்த பெயர். மலையிலிருந்து கொஞ்சம், கடலிலிருந்து கொஞ்சம் என்று அந்த வாரத்துப் பருவம் முழுவதையும் ஒரே தட்டில் காட்டும் சுற்று.

3. வான்மோனோ: மூடியிட்ட அரக்குக் கிண்ணத்தில் தெளிவான சூப். சமையல்காரரை எடை போட ஜப்பானியர் பார்ப்பது இதைத்தான். கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனும் சேர்ந்து தரும் சாறு இது, பெயர் தாஷி. மசாலாவோ எண்ணெயோ மறைப்பதற்கு இல்லை. மூடியைத் திறந்ததும் வரும் மணம் இந்தச் சுற்றில் பாதி. அதனால் வந்தவுடனே திறக்க வேண்டும், படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது போய்விடும்.

4. ஓசுக்குரி: பச்சை மீன் துண்டுகள்.

5. அப்புறம் சுட்டது, வேகவைத்தது, ஆவியில் அவித்தது, பொரித்தது, புளிக்காடியில் ஊறியது. எல்லாம் எல்லா இடத்திலும் வராது. ஒரே சமையல் முறை அடுத்தடுத்து வரக் கூடாது என்பது மட்டும் விதி.

6. சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றும் சேர்ந்து.

7. பழம் அல்லது இனிப்பு.

பருவம் என்றால் மூன்று கட்டம்

கைசெகியைப் பற்றிப் பேசும்போது "பருவகால உணவு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் அதன் நுணுக்கம் இன்னும் ஆழமானது. ஒரு பொருளின் பருவத்தை ஜப்பானியச் சமையல்காரர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதன்முதலாகச் சந்தைக்கு வருவது ஹாஷிரி, விலை அதிகம், ருசி இளசு. நன்றாக விளைந்து குவிவது சாக்காரி, இதுதான் நல்ல ருசி, விலையும் நியாயம். முடியப் போகும் வேளையில் வருவது நாகோரி, பிரிவின் நினைவு என்பது போன்ற பொருள்.

இதை ஒரே கிண்ணத்தில் பார்க்கலாம். கியோத்தோவில் ஜூலை மாதம் கியோன் திருவிழாச் சமயத்தில் ஹாமோ என்ற விலாங்கு வகைதான் எங்கும். அதில் முள் எடுக்கவே முடியாது. அதனால் தோல் அறுபடாமல், ஒரு சுன் நீளத்துக்குள், அதாவது 3 சென்டிமீட்டருக்குள், 24 வெட்டு போடுகிறார்கள். அது கை பழகிய சமையல்காரரின் வேலை. செப்டம்பர் வாக்கில் ஹாமோ நாகோரிக்கு வரும்போது மாட்சுதாக்கே காளான் ஹாஷிரியாகத் தலைகாட்டும். போகிற மீனையும் வருகிற காளானையும் ஒரு மண் கெண்டியில் போட்டுச் சூப்பாக அவித்துத் தருவார்கள். அந்தச் சேர்க்கை நன்றாக அமைவது ஆண்டில் சில வாரங்களுக்குத்தான். இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிவது இதுதான்: கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் அந்த நாட்களை நாக்கில் உணரவைக்க வேறு வழி இல்லை.

மற்றப் பருவங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: வசந்தத்தில் மூங்கில் குருத்து, மலைக்கீரைகள், தொயாமா வளைகுடாவின் மின்மினிக் கணவாய். மார்ச் 3 பெண் குழந்தைகள் திருநாளுக்குச் சிப்பிச் சூப், ஏனென்றால் ஒரு சிப்பியின் ஓட்டுக்கு அதன் ஜோடி ஓடு மட்டுமே பொருந்தும். கோடையில் ஆற்று மீன் ஆயு. குளிர்காலத்தில் புரி மீன், ஃபுகு, பனி நண்டு.

பாத்திரமும் பருவத்தோடு மாறும். கோடையில் கண்ணாடி, குளிரில் தடித்த மண் கிண்ணம். சிவந்த இலை வரைந்த தட்டைச் சில வாரம்தான் வெளியே எடுப்பார்கள், மீதி நாளெல்லாம் அது பெட்டியில் துணி சுற்றிக் கிடக்கும். இந்தச் செலவும் உங்கள் கட்டணத்துக்குள்தான் இருக்கிறது.

இப்போது விலைக்கு வருவோம்

1. ஆளுக்கு விலை. பத்துச் சுற்றுச் சாப்பாட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டெடுத்துச் செய்கிறார்கள். அறையில் ஒருவர் கூடினால் ஃபூத்தோன் ஒன்று கூடுவது சின்ன விஷயம், சாப்பாடு கூடுவதுதான் பெரியது. குழந்தைகளுக்கும் இதே தர்க்கம். பெரியவர் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் 70 சதவீதம், குழந்தைச் சாப்பாடு என்றால் 50, படுக்கை மட்டும் என்றால் 30 என்பது பரவலான முறை.

2. நாளுக்கு நாள் விலை மாறுவது. ஜப்பான் கடலோரத்தின் மேற்குப் பகுதியில் பனி நண்டு பிடிக்க நவம்பர் 6-ல்தான் அனுமதி. ஹியோகோ மாகாணத்தின் கினோசாகியில் அதே அறை, அதே வெந்நீர். ஆனால் நவம்பர் 5-க்கு ஒரு விலை, நண்டுப் பருவத்தில் வேறு விலை. ஆண் நண்டுக்கு மார்ச் 20 வரை அனுமதி, பெண் நண்டு டிசம்பரோடு சரி. இதைத் தெரிந்துகொண்டால் நாளை மாற்றியே நிறையப் பணம் மிச்சம் பிடிக்கலாம்.

3. மாலை ஆறு மணிக் கெடு. சுற்றுகள் எல்லா விருந்தினருக்கும் ஏறக்குறைய ஒரே ஓட்டத்தில் போகும். எட்டு மணிக்கு வருகிற ஒருவருக்காகப் பொரியலை மறுபடி தொடங்க முடியாது. மூன்று மணிக்கே அறை தருவதற்கும் இதுதான் காரணம்: வந்து, குளித்து, பசியோடு உட்கார வேண்டும். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் ஆட்கள் வந்து ஃபூத்தோன் விரிப்பார்கள்.

4. ரத்துக் கட்டணம். மீனும் காய்களும் உங்கள் தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கியவை. கடைசி நாளில் ரத்து செய்தால் பாதியிலிருந்து முழுத் தொகை வரை கேட்பது இதனால்தான். குடும்பம் நடத்துகிற பத்து அறை விடுதிக்கு இரண்டு பேர் வராமல் போவதே பெரிய அடி. பேராசை என்று இதைத் திட்டுவது நியாயமில்லை.

5. தனி ஆள். பத்துத் தத்தாமிப் பாய் கொள்ளும் பெரிய அறை ஒன்றை, அதற்கான நக்காயோடு, ஒரே ஆளுக்குக் கொடுத்தால் ஒரு சாப்பாட்டு வருமானம்தான் வரும். வார இறுதியில் மறுப்பார்கள், வார நாளில் கூடுதல் கட்டணத்தோடு தருவார்கள்.

6. ஒரு இரவுக்கு மேல் தங்குவது. இரண்டாம் நாள் அதே சாப்பாட்டைப் போட முடியாது, முழுப் பட்டியலும் மாற வேண்டும். பல ரியோகான்களின் சமையலறை ஒரு இரவுக்கென்றே அமைந்தது. ஒரு ஊரில் இரண்டு நாள் என்றால், ஒரு இரவு சாப்பாட்டோடும் ஒரு இரவு இல்லாமலும் எடுப்பது வயிற்றுக்கும் நல்லது.

10 சதவீத நுகர்வு வரி ஜப்பானியத் தளங்கள் காட்டும் விலையில் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். இதற்கு மேல், ஒன்சென் ஊர் என்றால் குளியல் வரி, பெரும்பாலும் ஆளுக்கு 150 யென். கியோத்தோ நகரம் தங்கல் வரியை 2026 மார்ச் முதல் உயர்த்தியிருக்கிறது. சாப்பாடு நீங்கலாக ஆளுக்கு ஒரு இரவுக் கட்டணம் ஒரு லட்சம் யென்னைத் தொட்டால் வரி மட்டுமே 10,000 யென். டிப்ஸ் கட்டாயமில்லை.

சைவம், ஹலால்: சிக்கல் தாஷியில்

மீன் துண்டு வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கட்சுவோபுஷி என்பது சூரை வகை மீனைப் புகையிட்டுக் காயவைத்தது, இலங்கைத் தமிழர் சமையலில் வரும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. அதன் சாறு சூப்பில், அவித்த காயில், முட்டைக் கூழில், தொட்டுக்கொள்ளும் சாறில் என்று எங்கும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் ஒரு பதார்த்தத்தை மட்டும் மாற்றினால் போதாது, முழு அடுக்கையும் புதிதாகக் கட்ட வேண்டும். முந்தின நாள் முடியாது என்பதன் காரணம் அதுதான். ஹலால் பார்க்கிறவர்கள் சாக்கேயையும், மிரின் என்ற இனிப்பான சமையல் மதுவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவித்த பதார்த்தங்களில் இரண்டும் சாதாரணமாகச் சேரும்.

சைவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. வக்காயாமா மாகாணத்தின் கோயாசான் மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பௌத்தக் கோயில்கள் யாத்ரீகர்களைத் தங்கவைக்கின்றன. அங்கே ஷோஜின் என்ற துறவிகள் சாப்பாடு: மீன், இறைச்சி இல்லை, நம் கோயில் மடைப்பள்ளி போலவே வெங்காயமும் பூண்டும் இல்லை. கடற்பாசியும் ஷீத்தாக்கே காளானும்தான் தாஷி. எள்ளும் கிழங்கு மாவும் சேர்த்துக் கிண்டிய எள் தோஃபு, உறையவைத்துக் காயவைத்த கோயா தோஃபு என்று அங்கேயும் பருவம் பார்த்துச் சுற்று வரும். மீன் இல்லாத ஏதோ குறைவான சாப்பாடு என்று அதை எண்ண வேண்டாம், அதற்கென்று பல நூற்றாண்டு மரபு இருக்கிறது.

இந்த முறை ஏன் ஆட்டம் காண்கிறது

1980களின் தொடக்கத்தில் 80,000-த்துக்கு மேல் இருந்த ரியோகான்கள் 2017 வாக்கில் 40,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. கம்பெனிச் சுற்றுலா போயிற்று, வாரிசுகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் பற்றாக்குறைக்கு வேலை நேரமும் ஒரு காரணம். காலைச் சாப்பாட்டுக்கு விடியுமுன் வந்து, பகலில் சில மணி நேரம் சம்பளமில்லாத இடைவெளி விட்டு, மறுபடி இரவு வரை நிற்க வேண்டும். இந்த இரண்டு துண்டு வேலையை இளைஞர்கள் விரும்புவதில்லை.

அதனால் மூன்று மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அறைக்கே சாப்பாடு கொண்டு வருவது குறைந்து, தடுப்பு வைத்த சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொல்கிறார்கள். தங்குவதையும் சாப்பிடுவதையும் தனித்தனியாக விற்கும் முறையை அரசே ஊக்குவிக்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் மூடுகிற விடுதிகளும் உண்டு. நோட்டோ தீபகற்பத்தின் புகழ்பெற்ற ரியோகான் காகாயா 1980களிலேயே சமையலறையிலிருந்து மாடிகளுக்குத் தட்டுகளைக் கொண்டு போக இயந்திரம் வைத்தது. சுமக்கிற நேரம் மிச்சமானால் நக்காய் விருந்தினரைக் கவனிக்கலாம் என்பது யோசனை. அந்த விடுதி 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் சேதமடைந்து மூடப்பட்டது.

சட்டத்திலும் ஒரு மாற்றம். ரியோகானுக்குக் குறைந்தது 5 அறை, ஹோட்டலுக்கு 10 என்று முன்பு தனித்தனிப் பிரிவு இருந்தது. 2018 ஜூனில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனவே பெயர்ப்பலகையில் ரியோகான் என்று இருந்தால் மட்டும் போதாது, சாப்பாடு எங்கே சமைக்கிறார்கள், எங்கே பரிமாறுகிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முன்பதிவின்போது எழுத வேண்டியவை

1. சாப்பிடாதவற்றைப் பொருள் பொருளாக எழுதுங்கள். "சைவம்" என்று மட்டும் எழுதாமல், மீன் தாஷியும் கூடாதா, முட்டை பரவாயில்லையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்.

2. தரையில் உட்கார முடியாத பெரியவர் இருந்தால் நாற்காலி கேளுங்கள், பல இடங்களில் வைத்திருப்பார்கள்.

3. பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளியலில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் தனிக் குளியல் கூடத்தை மணிக்கணக்கில் எடுக்க முடியுமா என்று விசாரிக்கலாம்.

4. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பல விடுதிகள் நிலையத்துக்கு வேன் அனுப்பும். ரயிலைத் தவறவிட்டால் அங்கிருந்தே போன் செய்துவிடுங்கள், சமையலறையில் உங்கள் சூப்புக்கான கிண்ணத்தைச் சூடாக்க ஆரம்பிப்பதற்கு முன்னால்.